தோட்டத்துக்கு அனுப்பிய ஆறு பேர்

இந்த வருடம் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்குப் பதிந்திருக்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்,

அறிமுக நாள் கையேட்டுக்குப் பழைய பயிலுநர் ஒருவர் அனுபவக் கட்டுரை எழுத வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். இப்படியானவற்றை ஓய்வுபெற்றவர்கள் எழுதுவதுதான் வழக்கம். அவர்களுக்கு நேரமும் இருக்கும், செய்த பிழைகளை மறந்துபோகும் வசதியும் இருக்கும். எனக்கு வயது முப்பத்தொன்று. வீட்டில் இரண்டரை வயதில் ஒரு மகன். என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே ஒரு காரணம், கற்பித்தல் பயிற்சியின் இறுதி மதிப்பீட்டில் எனக்கு ஏ தரம் கிடைத்தது. அந்த ஏ எப்படிக் கிடைத்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன். எழுதி முடித்த பிறகு இதை அச்சில் போடுவார்களோ தெரியாது.

உங்கள் நிலை எனக்குத் தெரியும். பட்டம் வாங்கிவிட்டீர்கள், நியமனமும் கையில் இருக்கிறது, வகுப்பிலும் நிற்கிறீர்கள். ஆனால் இந்த டிப்ளோமா இல்லாமல் நியமனம் உறுதியாகாது. உறுதியாகாவிட்டால் இடமாற்றம் கேட்க முடியாது. நான் சண்டிலிப்பாயிலிருந்து புத்தூர்ப் பக்கம் ஒரு பாடசாலைக்கு ஸ்கூட்டியில் போய் வந்துகொண்டிருந்தேன். கிழமை நாட்களில் பாடசாலை, சனியும் ஞாயிறும் விரிவுரை. மகன் மாமியை அம்மா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தான். ஆகவே பாஸ் பண்ண வேண்டும், முதல் தடவையிலேயே பாஸ் பண்ண வேண்டும் என்பதைத் தவிர என் தலையில் வேறெதுவும் இருக்கவில்லை.

முதல் மாதம் மாணவர் மையக் கற்பித்தல் பற்றி ஒருவர் நான்கு மணித்தியாலம் தனியாகப் பேசினார். ஆசிரியர் அதிகம் பேசக்கூடாது என்பதை அவர் திரையில் காட்டினார், பிறகு அதை வாசித்தார், பிறகு அதை எங்களை எழுதச் சொன்னார். கேள்வி கேட்க நேரம் போதாமல் போய்விட்டது. நாங்கள் கொப்பியில் கோடு போட்டு, மாணவரே மையம் என்று எழுதி வைத்துக்கொண்டோம்.

பாடக்குறிப்புக் கோவை பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் கட்டாயம் அதற்காக அழுவீர்கள். விரிவுரை மண்டபத்துக்கு முன்னாலுள்ள போட்டோக்கொப்பிக் கடையில், எந்த வகுப்பு எந்தப் பாடம் என்று சொன்னால் போதும், முழுக் கோவையும் எடுத்துத் தருவார்கள். முன்னர் இருந்த யாரோ ஒருவருடைய பெயரை வெள்ளை மையால் அழித்து உங்களுடையதை எழுத வேண்டியதுதான். நான் அப்படிச் செய்யவில்லை. நாற்பது பாடக்குறிப்பையும் கையால் எழுதினேன். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஒருநாள் நான் குசினிக்குள் நின்ற நேரம் மகன் ஒரு பக்கத்தில் சிவப்புக் கிறேயோனால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டான். திருப்பி எழுத எனக்குத் தெம்பு இல்லை. மூன்று நாள் பயந்துகொண்டிருந்துவிட்டுக் கோவையைக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது அந்தக் கீறலுக்குக் கீழே கையொப்பம் இருந்தது. பக்கத்தில் ‘நன்று’ என்றும் எழுதியிருந்தது. என் கையெழுத்து உள்ள மற்றப் பக்கங்களில் அதுகூட இல்லை.

அதற்குப் பிறகாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. நான் கடமை தவறாத பிள்ளையாக வளர்க்கப்பட்டவள். இப்படியான பிள்ளைகளை ஏமாற்றுவது சுலபம். அவர்களைக் கொண்டு ஏமாற்றுவிப்பது இன்னும் சுலபம்.

எங்கள் பாடசாலையில் எனக்கு வழிகாட்டி ஆசிரியராக நியமிக்கப்பட்டிருந்தவர் எட்டாம் தரத்துக்குக் கணிதம் படிப்பிப்பவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனுசி. எனக்குப் பால் கட்டி நோ வந்த நாட்களில் தன் பாடவேளையை விட்டுவிட்டு என் வகுப்பைப் பார்த்துக்கொண்டவர். அவர் எனக்குச் சொல்லித் தந்த எதையும் கெட்ட எண்ணத்தோடு சொல்லித் தரவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், உங்களுக்கும் இதையெல்லாம் சொல்லித் தரப் போகிறவர்கள் உங்கள் மேல் அன்பு உள்ளவர்களாகத்தான் இருப்பார்கள்.

இறுதி மதிப்பீட்டுக்குப் பரீட்சகர் வருகிற திகதி வந்தவுடன் அக்கா என்னை ஓய்வறையின் மூலைக்குக் கூப்பிட்டு நான்கு விடயங்கள் சொன்னார். பரீட்சகர் முன்னால் செய்யப் போகும் பாடத்தை அதற்கு முன் இரண்டு தரம் படிப்பித்துவிட வேண்டும். கொப்பியில் தடயம் வராமல் ஒற்றைத் தாளில் எழுதுவிக்க வேண்டும். கேள்வி கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் கை உயர்த்த வேண்டும். விடை தெரிந்தவர்கள் வலக்கை, தெரியாதவர்கள் இடக்கை. நான்காவதை அவர் குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்.

“உந்த ஆறு பேரையும் அண்டைக்குத் தோட்டத்துக்கு அனுப்பும், பிள்ளை. தண்ணி விடட்டும். கத்தரியும் காய்க்கும், நீரும் பாஸ் பண்ணுவீர்.”

என் ஏழாம் தர வகுப்பில் இருபத்தாறு பேர். அதில் ஆறு பேருக்கு ஒழுங்காக வாசிக்க வராது. படிவங்களில் அவர்களை மெல்லக் கற்போர் என்று எழுதுவோம். ஓய்வறையில் அவர்களுக்குப் பெயர் தோட்டக் கோஷ்டி. பாடசாலைக்கு யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் அவர்கள் வாளிகளோடு பின்வளவுக்குப் போவார்கள். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்தாலும் அப்படித்தான், பயிலுநர்களைப் பார்க்க வந்தாலும் அப்படித்தான். சம்பவத் திரட்டில் அது விவசாயச் செயன்முறை என்று பதியப்படும். எங்கள் கத்தரிக்கு வலய மட்டத்தில் பரிசு கிடைத்திருக்கிறது.

அவர்களும் என் வகுப்புப் பிள்ளைகள்தானே என்று கேட்டேன். யார் இல்லை என்றது, ஒரு பாடவேளைதானே, அவர்களுக்கும் அது சந்தோசம் என்றார் அக்கா. இன்னொன்றும் செய்யலாம், பக்கத்து வகுப்பிலிருந்து கெட்டிக்காரர் மூன்று பேரைக் கொண்டுவந்து நடுவில் இருத்தலாம் என்றார். அதற்கு நான் மாட்டேன் என்றேன். அது நேர்மையில்லை என்று சொன்னேன். நான் சொன்னதை நினைத்து இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ஆறு பேரைக் கழிப்பதில் நேர்மைக்குக் குறைவில்லை, மூன்று பேரைக் கூட்டுவதில்தான் என் மனச்சாட்சி விழித்துக்கொண்டது.

பாடம், வேறு வேறு பகுதி எண் கொண்ட பின்னங்களைக் கூட்டுவது. என் கணவர் வெள்ளை ரெஜிபோம் அட்டையில் வட்டங்கள் வெட்டித் தந்தார். இரண்டு நாள் வேலை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் தினசரியை விரித்து, பிளேட்டால் மெல்ல மெல்ல வெட்டினார். மகன் ஒரு காற்பங்கைக் கடித்துத் துப்பியதால் அதைத் திருப்பி வெட்ட வேண்டியிருந்தது. உங்கள் வீடுகளிலும் வட்டங்கள் வெட்டப்படும். பாடம் முடிந்த பிறகு அவை அலுமாரிக்கு மேலே போகும்.

திங்கட்கிழமை முதல் ஒத்திகை. இருபத்தாறு பேரும் இருந்தார்கள். ஒன்பது பேருக்கு விளங்கியது. புதன்கிழமை அதையே திருப்பிச் செய்தேன். பதினேழு பேர் ஒற்றையில் கடைசிக் கேள்வி தவிர்ந்த மற்றவற்றையாவது சரியாக எழுதியிருந்தார்கள். ஒரு பாடத்தை அவசரப்படாமல் இரண்டாம் தரம் படிப்பித்தால் பாதி வகுப்புக்கு மேல் விளங்கிக்கொள்ளும் என்பதை நான் கண்டுபிடித்தது ஏமாற்றுவதற்காகப் படிப்பித்த அன்றுதான். அதுவரை பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும் என்று ஓடிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பதினேழில் ஒன்று சாருஜாவின் ஒற்றை. தோட்டக் கோஷ்டியில் ஒருத்தி. கடைசி வாங்கு, கதவுப் பக்கம். நான் கேள்வி கேட்டால் மேசையைப் பார்ப்பாள். அரையும் மூன்றில் ஒன்றும் எத்தனை என்ற கடைசிக் கேள்விக்கு ஆறில் ஐந்து என்று எழுதியிருந்தாள். வகுப்பில் அவளைத் தவிர நான்கு பேர்தான் அதைச் சரியாகச் செய்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தேன், பக்கத்தில் இருந்தவளுடையது பிழை. ஆனாலும் யாரைப் பார்த்து எழுதினீர் என்றுதான் முதலில் கேட்டேன்.

“ஒருத்தரையும் பாக்கேல்லை, ரீச்சர்.”

“அப்ப எப்பிடி வந்தது?”

“அம்மா வெங்காயப் பாத்தியிலை அரைவாசிக்குப் புல்லுப் பிடுங்குவா. நான் மூண்டிலை ஒரு பங்கு. மிச்சம் கொஞ்சம்தான் கிடக்கும். அந்தக் கொஞ்சம் ஆறிலை ஒரு பங்கு, ரீச்சர்.”

வட்டங்களை வெட்டி மினக்கெட்டிருக்கத் தேவையில்லை போல இருந்தது. நல்லது என்று சொல்லி ஒற்றையைத் திருப்பிக் கொடுத்தேன். அன்று பின்னேரம் வீட்டுக்குப் போகும் வழியில் சுன்னாகச் சந்தியில் நின்று யோசித்தேன். அவளையாவது வகுப்பில் விடலாமோ? அவளை மட்டும் விட்டால் மற்ற ஐந்து பேரும் என்ன நினைப்பார்கள்? ஆறு பேரையும் விட்டால்? ஒருமுறை சரியாகச் சொன்னவள் இரண்டாம் முறை சொல்வாளா? இப்படி யோசித்து யோசித்து, எந்த முடிவுக்கும் வராமல் இருப்பதையே நான் நிதானம் என்று நினைத்துக்கொள்வேன். வியாழக்கிழமை அக்காவிடம் கேட்டேன்.

“உமக்கென்ன விசரே? பரீட்சகர் புத்தகத்தைக் குடுத்து வாசியெண்டா வாசிக்குமோ உது? உம்மடை பிள்ளையை யோசியும்.”

என் பிள்ளையை யோசித்தேன். யாராவது அப்படிச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன் என்றுதான் நினைக்கிறேன். தாயாகிவிட்டால் எந்தக் கோழைத்தனத்துக்கும் ஒரு நல்ல பெயர் வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை பரீட்சகர் சொன்ன நேரத்துக்கு அரை மணித்தியாலம் பிந்தி வந்தார். ஐம்பது வயது மட்டில் இருக்கும். மரியாதையான மனிதர், யாரையும் அதட்டவில்லை. அதிபர் அறையில் அவருக்கு றோல்ஸும் தேநீரும் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் ஆறு பேரையும் எழுப்பினேன். பின்வளவுக்குப் போய்க் கத்தரிக்குத் தண்ணீர் விடச் சொன்னேன். ஐந்து பேர் உடனே எழும்பினார்கள். சாருஜா மட்டும் இருந்தபடியே, இன்றைக்கு அந்தக் கணக்குத்தானே என்று கேட்டாள். ஓம், தண்ணீர் விட்டுவிட்டு வாரும் என்றேன். அவளுடைய வாங்கை உள்ளே தள்ளிவிட்டு, வெறுமை தெரியாமல் மற்றவர்களைப் பரவி இருக்கச் செய்தேன்.

பாடம் நன்றாகவே தொடங்கியது. இரண்டு தரம் ஒத்திகை பார்த்த நாடகம் நன்றாகத் தொடங்காமல் என்ன செய்யும். நான் ஒரு தோடம்பழத்தைக் காட்டி, இது எத்தனை பேருக்கு என்று கேட்டேன். முதல் தரம் கேட்பது போலப் பிள்ளைகள் யோசித்தார்கள். யோசிப்பது போல நடிக்க நான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, தாங்களாகவே கற்றுக்கொண்டார்கள். பரீட்சகர் பின்னால் இருந்து எழுதிக்கொண்டிருந்தார்.

பிறகு அந்தக் கேள்விக்கு வந்தேன். அரையும் மூன்றில் ஒன்றும் எத்தனை? இருபது கைகளும் உயர்ந்தன. நாலைந்து வலக்கை, மற்றதெல்லாம் இடக்கை. பயத்தில் எனக்கு ஒன்று மறந்துபோயிற்று. முன்னால் நின்று பார்ப்பவளுக்கு அவர்களுடைய வலது இடப்பக்கமாகத் தெரியும். ஐந்து வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவளுக்கு மறக்கக்கூடிய விடயமா இது? நான் இடக்கை உயர்த்திய கிருசாந்தைக் கூப்பிட்டேன். அவன் எழும்பி, என்னைக் கேட்காதே என்றுதானே இந்தக் கையைத் தூக்கினேன் என்பது போல என்னைப் பார்த்தான். ஐந்தில் இரண்டு என்றான். அடுத்தவளைக் கூப்பிட்டேன், அவளும் இடக்கை. மூன்றாவதும் இடக்கை. மூன்று பிழையான விடை. பரீட்சகரின் பேனை நின்றது. எந்தக் கை எந்தக் கை என்று எண்ணிக்கொண்டு வாய் திறக்காமல் நின்றேன்.

எங்கள் வகுப்பறைகளுக்கு இடுப்பளவு சுவர்தான். அதற்கு மேலே வெளி. வெளியே, பின் சுவருக்கு அப்பால், ஒரு கை உயர்ந்திருந்தது. முழங்கை வரை நனைந்த கை, விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சாருஜா மற்றக் கையில் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் மேசையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தரம்.

நான் எங்கே பார்க்கிறேன் என்று பரீட்சகரும் திரும்பிப் பார்த்தார்.

“அந்தப் பிள்ளை?” என்று கேட்டார்.

“அது வேறை வகுப்புப் பிள்ளை, சேர்,” என்றேன்.

வாயிலிருந்து வழுக்கி விழுந்தது போல வந்துவிட்டது. ஆனால் தங்கைகளே, தம்பிகளே, நெருக்கடியில் அந்தக் கணத்தில் முடிவெடுப்பதாக யாரும் உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். நான் அந்தப் பதிலை வியாழக்கிழமை ஓய்வறையிலேயே எடுத்து வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வாயைத் திறந்தது மட்டும்தான். பயிற்சிக் கைநூல்களில் நெருக்கடி முகாமைத்துவம் என்று ஒரு அத்தியாயம் இருக்கிறது. அதில் மூச்சை இழுத்து விடச் சொல்லியிருக்கிறார்கள்.

என் வகுப்பில் இருபது பிள்ளைகள் இருந்தார்கள். இருபது பேருக்கும் அவளைத் தெரியும், ஒன்றாம் தரத்திலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். யாராவது ஒருவர், இல்லை சேர், அவள் எங்கள் வகுப்பு என்று சொல்லியிருந்தால் நான் அன்று பெயில். இன்றைக்கும் அவர்கள் சொல்லியிருக்க வேண்டும் என்று விரும்புகிறேனா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். நேர்மையான பதில், ஒரு நாளைக்கு ஓம், ஒரு நாளைக்கு இல்லை.

பரீட்சகர் சிரித்தார். பரவாயில்லை, அந்தப் பிள்ளையும் சொல்லட்டும் என்றார். சாருஜா வாளியைக் கீழே வைத்தாள்.

“ஆறிலை அஞ்சு.”

எப்படி என்று அவரே கேட்டார். ஆறாகப் பிரித்தால் அரைவாசிக்கு மூன்று வரும், மற்றதுக்கு இரண்டு வரும், மிச்சம் ஒரு பங்கு கிடக்கும் என்று அவள் சொன்னாள். தெளிவாகச் சொன்னாள். நான் இரண்டு தரம் சொன்னதைவிடச் சுருக்கமாகச் சொன்னாள். பரீட்சகர் கை தட்டினார். அவர் தட்டியதால் வகுப்பும் தட்டியது. நானும் தட்டினேன். அதன் பிறகு நான் சொன்னதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

“வெரி குட். இப்ப உம்மடை வகுப்புக்குப் போம்.”

அவள் அசையாமல் நின்றாள். போவதற்கு அவளுக்கு வேறு வகுப்பு இல்லை. அவளுடைய வகுப்பு அவளுக்கு முன்னால், அந்த அரைச்சுவருக்கு உள்ளே இருந்தது. உள்ளே தள்ளிவிடப்பட்ட தன் வாங்கை ஒருதரம் பார்த்தாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு கத்தரிப் பக்கம் போனாள்.

பாடத்துக்குப் பிறகு அதிபர் அறையில் பரீட்சகர் என்னைத் தனியே இருத்திக் கதைத்தார். நேரப் பகிர்வில் சின்னக் குறை இருக்கிறது என்றார். மூன்று பிள்ளைகள் பிழையாகச் சொல்லியும் நான் பதறாமல், விடையை நானே சொல்லிவிடாமல், பொறுமையாகக் காத்திருந்தது தனக்குப் பிடித்திருந்தது என்றார். பதறி நின்றவளை அவர் பொறுமைசாலி என்று எழுதிக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இத்தனை வருடத்தில் தான் இப்படி ஒன்றைக் கண்டதில்லை என்றார்.

“வேறை வகுப்புப் பிள்ளையே வெளியிலை நிண்டு கை உயர்த்துது எண்டா, அது உங்கடை படிப்பிப்புத்தான்.”

அதையே படிவத்திலும் எழுதினார். நான் தலைகீழாக வாசித்தேன்: வகுப்பறைக்கு வெளியே உள்ள மாணவரையும் ஈர்க்கும் கற்பித்தல். அதற்கென்று படிவத்தில் கட்டம் இல்லாததால் பக்க ஓரத்தில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். நீங்கள் பாஸ்தான், யோசிக்காதேங்கோ என்றார். அதன் பிறகு பேனையை மூடாமலே, எனக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்.

அந்தக் கேள்வி படிவத்தின் கடைசி வரியில் இருக்கிறது. எல்லாரிடமும் கேட்பார்கள். உங்களிடமும் கேட்பார்கள்.

சொல்ல இருந்தது. சொன்னால் அடுத்த அணியோடு திரும்பவும் பத்து வாரப் பயிற்சி, திரும்பவும் சனி ஞாயிறு, இடமாற்றம் இன்னும் ஒரு வருடம் தள்ளி. கைப்பைக்குள் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. மாமியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன், பிள்ளைக்கு என்னவோ என்று நினைத்தேன். இல்லை சேர், நன்றி சேர் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து எடுத்துப் பார்த்தால், காசு மீள்நிரப்பச் சொல்லித் தொலைபேசிக் கம்பனி அனுப்பிய செய்தி.

முடிவுகள் வந்தபோது ஏ. அக்கா கேக் வெட்டினார். என் நியமனம் உறுதியானது. வீட்டுக்குக் கிட்ட மாற்றம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன், இன்னும் வரவில்லை. இதற்கிடையில் வலயம் எனக்கு ஒரு கடிதம் அனுப்பியது. சிறந்த பெறுபேறு பெற்ற ஆசிரியர் என்பதால், வருகிற தவணை எங்கள் பாடசாலைக்கு வரும் பயிலுநர்கள் இருவருக்கு நான்தான் வழிகாட்டி ஆசிரியர். உங்களில் இரண்டு பேர் அது. யார் என்று தெரியவில்லை.

அந்த இருவருக்கும் இப்போதே சொல்கிறேன். ஒத்திகை பாருங்கள், இரண்டு தரம் இல்லை, நான்கு தரம் பாருங்கள், பிள்ளைகளுக்கு விளங்கும். பரீட்சகருக்கு முன்னால் இது ஐந்தாவது தரம் என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கோவையை யாரும் வாசிக்கப் போவதில்லை, ஆகவே உங்களுக்குப் பயன்படும்படி எழுதுங்கள். தோட்டத்துக்கு ஒரு பிள்ளையையும் அனுப்ப நான் விடமாட்டேன். அனுப்பினால் பரீட்சகரிடம் நானே போய்ச் சொல்வேன். இப்படி எழுதிவிட்டேன். உங்களில் ஒருத்தி கைக்குழந்தையோடு வந்து, அக்கா நான் பெயிலானால் என்ன செய்வேன் என்று கேட்டால் அப்போதும் சொல்வேனா என்று எனக்கு நிச்சயமில்லை. அதனால்தான் இதை அச்சில் போடக் கேட்கிறேன். பிறகு மாற்றிக் கதைக்க முடியாது.

மதிப்பீட்டுக்கு அடுத்த திங்கட்கிழமை நடந்ததை இன்னும் சொல்லவில்லை. சனி, ஞாயிறு முழுக்க அவளுக்கு என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். இரண்டு மூன்று விதமாக யோசித்தேன், எல்லாவற்றிலும் நான் கொஞ்சம் நல்லவளாகவே வந்தேன். கணிதப் பாடத்துக்கு மணி அடித்தது. நான் வகுப்புக்குள் நுழைய, ஆறு பேரும் எழும்பி வெளியே வந்தார்கள். முன்னால் சாருஜா.

“எங்கை போறியள்?”

“தோட்டத்துக்கு, ரீச்சர்.”

“ஆர் சொன்னது?”

“நீங்கள்தானே. நாங்கள் வேறை வகுப்பு எண்டு.”

அவள் நக்கலாகச் சொல்கிறாள் என்று நினைக்க விரும்பினேன். நக்கல் என்றால் நான் கோபப்படலாம். அவள் முகத்தில் அப்படி ஒன்றும் இருக்கவில்லை. ஆசிரியர் சொன்னதைச் செய்கிற பிள்ளையின் முகம். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும்.

வாசலில் வைத்து, எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, நான் அன்றைக்குப் பொய் சொன்னேன் என்றேன். நீங்கள் இந்த வகுப்புத்தான், எனக்குப் பயம் வந்துவிட்டது, அதனால் சொன்னேன் என்றேன். ரீச்சருக்கு என்ன பயம் என்று அவள் கேட்டாள். அந்த சேர் என்னைப் பெயில் விட்டுவிடுவார் என்று பயம் என்றேன். விட்டவரோ என்றாள். இல்லை, பாஸ் என்றேன்.

பரீட்சகர் வந்தது பிள்ளைகளுக்குப் புள்ளி போட என்றுதான் அவள் அதுவரை நினைத்திருக்கிறாள். யார் வந்து கேள்வி கேட்டாலும் அவளுக்கு அது பரீட்சைதான், அவள் எழுதிய பரீட்சைகளில் முதன்முதலாக ஒருவர் கை தட்டியது அதற்குத்தான்.

“அப்ப எனக்கு எத்தினை போட்டவர், ரீச்சர்?”

“உமக்கெண்டு போட்டதைத்தான் எனக்குத் தந்தவர்,” என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. பகிடி என்று நினைத்து லேசாகச் சிரித்தாள். நான் சிரிக்காததைக் கண்டு, சிரிப்பை நிறுத்திவிட்டு, சரியான புள்ளியைச் சொல்வேன் என்று வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றாள்.